மூத்தவளின் பெயர்

இரவு வேலை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, மச்சினன் கதவைத் தட்டினான். என் மனைவியின் தம்பி, வேன் ஓட்டுகிறவன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக வந்திருக்கிறான். வேனைப் பாதித் தெருவை அடைத்து நிறுத்தியிருந்தான். பின்னால் எவனோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். மச்சினன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நீங்க தூங்கிடுவீங்கன்னு ஓடியாந்தேன் அத்தான்" என்றான்.

நல்ல விஷயம் என்றால் போனிலேயே சொல்லியிருப்பான். நாற்காலியில் கிடந்த துணிகளைக் கட்டிலுக்குத் தள்ளிவிட்டு உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தான். கையில் இருந்த பிளாஸ்டிக் உறையை மடியில் வைத்தான், மேஜையில் வைத்தான், மறுபடி மடிக்கு எடுத்துக்கொண்டான். பிறகு ஒப்பிக்கிறவன் மாதிரி ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். சின்னவளின் பெயரைச் சட்டப்படி மாற்ற அக்கா மனுப் போட்டிருக்கிறாள். பிள்ளைக்கு வயது வராததால் தாயும் தகப்பனும் இரண்டு பேருமே சம்மதிக்க வேண்டுமாம். நான் அலுவலகத்துக்கு நேரில் வந்து அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

சின்னவளின் பெயருக்குப் பின்னால் என் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விட்டுப்போன மனைவிகள் அதைத்தான் முதலில் உரித்துப் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். போகட்டும், அதனால் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

"என் பேரை எடுக்கணும்னா எடுத்துக்கச் சொல்லு. இதுக்கு எதுக்கு நேர்ல வரணும்?"

"உங்க பேரு அப்படியேதான் இருக்கும் அத்தான். அதை யாரு தொடப் போறா?" அவன் தலையைச் சொறிந்தான். "பிள்ளை பேரைத்தான்."

நான் எழுந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். கழற்றுவதற்கு நேரம் எடுத்துக்கொண்டேன்.

"முடியாது" என்றேன்.

அவனுக்கு அது ஆச்சரியமாக இல்லை. அக்கா முன்கூட்டியே சொல்லித்தான் அனுப்பியிருந்தாள் போல. "எதுக்கு என்னைத் தூது அனுப்புறா தெரியுமா? நீங்க கத்தினாலும் எனக்கு உறைக்காதாம். எருமைத்தோலாம். கூடப் பொறந்தவ வாயால கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாச்சு" என்றான். சிரிக்க வைக்கப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை என்றதும் உறையை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தான். வாசலில் நின்று, பிள்ளைக்காக ஒரு தடவை யோசித்துப் பாருங்கள் என்று மட்டும் சொன்னான். ஹாரன் அடித்தவன் வேனின் முதுகில் கையால் அடிக்க ஆரம்பித்திருந்தான். மச்சினன் போய் அவனோடு சாவகாசமாகச் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பினான்.

அன்று பகல் தூக்கம் வரவில்லை.

எங்களுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் நாலு வயதில் இறந்துபோனாள். காய்ச்சல் என்றார்கள், மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள், அவ்வளவுதான் சொன்னார்கள். அடுத்த வருடம் சின்னவள் பிறந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே பெயர்.

அது எப்படி என்று சொல்ல வேண்டுமானால் என் வேலையைச் சொல்ல வேண்டும். நான் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் இரவு வேலை பார்க்கிறேன். படிப்பைப் பாதியில் விட்டவனுக்குக் கிடைத்த வேலை, பிடித்துக்கொண்டேன். முதியோர் விடுதிகளின் துணிகள் மாலையில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். காலைக்குள் துவைத்து, உலர்த்தி, தேய்த்து அடுக்கிவிட வேண்டும். எல்லாக் கிழவர்களுக்கும் ஒரே மாதிரி பைஜாமா, எல்லாக் கிழவிகளுக்கும் ஒரே மாதிரி சாம்பல் நிறக் கம்பளிச்சட்டை. எது யாருடையது என்று தெரிவதற்காக ஒவ்வொன்றின் கழுத்துப்பட்டைக்குள்ளும் ஒரு பெயர்ப்பட்டி தைத்திருக்கும். அந்தப் பட்டிகளை அச்சடிப்பதும் தைப்பதும் என் பொறுப்பு. பிரிப்பதும்தான். யாராவது இறந்துபோனால் துணிகளை வீட்டார் பெரும்பாலும் வாங்கிக்கொள்வதில்லை. விடுதியிலேயே யாருக்காவது கொடுத்துவிடச் சொல்வார்கள். அப்போது பழைய பட்டியைப் பிரித்து எடுத்துவிட்டு அந்த இடத்திலேயே புதுப் பெயரைத் தைப்பேன். தையல் பிரிக்கும் சின்னக் கொக்கி ஒன்று எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும்.

மூத்தவளைப் பாலர் பள்ளியில் சேர்த்தபோது அவளுடைய எல்லாத் துணிகளிலும் பெயர்ப்பட்டி தைத்துக்கொடுத்தேன். கவுன், கால்சட்டை, குளிர்தொப்பி, துவாலை எதையும் விடவில்லை. வேலையிடத்து நாடாதான், நீல எழுத்து. கொதிநீரிலும் அழியாது.

சின்னவள் பிறந்த ஆஸ்பத்திரியில், அவளைக் கையில் வாங்கியதும் என் மனைவி அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள். வாய் தவறிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். தவறவில்லை. வேண்டாம், இது நல்லதில்லை, வேறு எதாவது வைக்கலாம் என்று எனக்குத் தெரிந்த எல்லா விதத்திலும் சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமல் பிள்ளையின் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"துணியெல்லாம் அவ பேருலதானே இருக்கு."

அந்தச் சமயத்தில் அவளிடம் நியாயம் பேச யாருக்கும் வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து மூத்தவளின் பழைய உடுப்புகளைச் சின்னவளுக்குப் போட்டோம். ஒரு பட்டியையும் பிரிக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் கொஞ்ச காலம் அந்தப் பெயர் என் தொண்டையில் முள்ளாக நின்றது. பிறகு பழகியது. பிறகு, எப்போது என்று தெரியாது, அதைக் கூப்பிடுவதற்காகவே வேலைவிட்டு வேகமாக வர ஆரம்பித்தேன். வாசலில் நின்று கூப்பிட்டால் உள்ளேயிருந்து "என்னப்பா" என்று ஒரு குரல் வரும். அது போதும். நாலு வயதுவரை பழைய துணிகள் வந்தன. அதற்கு மேல் பெட்டி காலி. மூத்தவள் அத்தோடு நின்றுவிட்டாள், சின்னவள் அவளைத் தாண்டிப் போனாள். புதுத் துணி வாங்கினோம். அதற்கும் அதே பெயரை அச்சடித்துத் தைத்தேன். தைக்கும்போது எனக்கு இரண்டு பிள்ளைகள் என்ற நினைப்பே வரவில்லை. ஒருத்திதான். நடுவில் கொஞ்ச நாள் எங்கோ போயிருந்துவிட்டு வந்து, இப்போது வளர்கிறாள்.

மனைவி பிரிந்து போனதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. நான் பகலில் தூங்கினேன், அவள் இரவில் தூங்கினாள். இடையில் பேச எதுவும் மிச்சமில்லாமல் போனது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். சனிக்கிழமைகளில் மச்சினன் சின்னவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுச் சாயங்காலம் கூட்டிப்போவான்.

மறுநாள் விடியற்காலை, மூட்டைகளை ஏற்றி முடித்துவிட்டு சரக்கு ஏற்றும் மேடையில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். நானும் நீராவியும். நீராவி என்பது இஸ்திரி இயந்திரத்தில் நிற்பவர். அவர் முகம் எப்போதும் வெந்த மாதிரி சிவந்திருப்பதால் அந்தப் பெயர். எனக்கு மூத்தவர். என் முகத்தைப் பார்த்தே ஏதோ என்று கண்டுபிடித்துவிட்டார். விடவும் மாட்டார். சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார்.

"பேரைப் பிரிக்கிறதுல உன்னை அடிச்சுக்க இங்க ஆள் கிடையாது. நேத்துக்கூட ஒரு கிழவனோட அத்தனை சட்டையையும் உட்கார்ந்த இடத்துல பிரிச்சுப் போட்ட" என்றார். "வீட்டுல மட்டும் கை நடுங்குதாக்கும்."

அந்தக் கிழவர் யாரென்று எனக்குத் தெரியாது, அதனால்தான் கை நடுங்கவில்லை என்றேன். அவர் தன் கோப்பையைக் கழுவி என்னுடையதையும் வாங்கிக் கழுவி வைத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

சலவைக்கூடத்து வாசல் கதவுக்கு வெளியே என் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

பஸ் பிடித்து இவ்வளவு காலையில் வந்திருக்கிறாள். தலை சரியாக வாரியிருக்கவில்லை. இரவு வேலைக்காரர்கள் எல்லோரும் எங்களைத் தாண்டிப் போகும்வரை அவள் பேசவில்லை. நானும் சுவரோரமாக நின்றேன். துணிப்பஞ்சு என் தலையெல்லாம் ஒட்டியிருந்தது. முன்பெல்லாம் தட்டிவிடுவாள். இப்போது பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி சொன்னான். முடியாதுன்னுட்டீங்களாம்."

"பேரு வெச்சது யாரு?" என்றேன். "நான் வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். நீதான் வெச்ச. இப்ப நீயே எடுக்கச் சொல்ற. இதென்ன விளையாட்டா?"

"ஆமா, நான்தான் வெச்சேன்." அவள் அதை மறுக்கவில்லை, அழவும் இல்லை. "அன்னைக்கு எனக்குப் புத்தி பேதலிச்சிருந்துச்சு. அப்புறம் எனக்குத் தெளிஞ்சுது. உங்களுக்குத் தெளியல."

அவளோடு சண்டை போடுவதற்கான வார்த்தைகள் என்னிடம் நிறைய இருந்தன. எல்லாவற்றையும் முந்திக்கொண்டு அவள் கேட்டாள்.

"தாடைத் தழும்பு கதை யாருக்குச் சொன்னீங்க?"

சின்னவளுக்குக் கதை கேட்கப் பிடிக்கும். சனிக்கிழமை வந்தால், நான் குட்டியா இருந்தப்ப என்ன செஞ்சேன் சொல்லுங்கப்பா என்று ஆரம்பித்துவிடுவாள். நான் சொல்வேன். பூனையைத் துரத்திக்கொண்டு மாடிப்படியில் ஓடி விழுந்தாயே, தாடை கிழிந்து மூன்று தையல் போட்டார்களே, தையல் போடும்போது அழாமல் இருந்துவிட்டு, பூனை எங்கே என்று கேட்டு அழுதாயே. அவள் கையைத் தட்டிச் சிரிப்பாள். இன்னொரு தடவை சொல்லச் சொல்வாள்.

படியில் விழுந்தவள் மூத்தவள். சின்னவள் வாழ்ந்த வீட்டில் படியே கிடையாது.

"பள்ளிக்கூடத்துல டீச்சர் கூப்பிட்டுச் சொன்னாங்க" என்றாள் மனைவி. "இடைவேளை விட்டா இவ போய்க் கண்ணாடி முன்னால நிக்கிறாளாம். பேனாவால தாடையில ஒரு கோடு போடுறாளாம். பிரவுன் பேனா. குறுக்கால சின்னச் சின்னதா மூணு கோடு. அழிஞ்சா மறுபடி போடுறாளாம். என்னடி இதுன்னு கேட்டா, என் தழும்பு காணாமப் போச்சு டீச்சர்னு சொல்லியிருக்கா."

சரக்கு ஏற்றும் மேடையில் ஒரு லாரி பின்வாங்கும் சத்தம் கேட்டது. அது நிற்கும்வரை காத்திருந்தாள்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன் அவகிட்ட. அக்கா ஒருத்தி இருந்தான்னு தெரியும், பேரு தெரியாது. அதையும் சொன்னேன். விழுந்தது அவதான், நீ இல்லன்னு சொன்னேன். அப்புறம் என்ன கேட்டா தெரியுமா?"

அவள் சொன்னாள்.

"அப்பா என்னைக் கூப்பிடுறாரா, அக்காவைக் கூப்பிடுறாரான்னு கேட்டா. எனக்குப் பதில் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, நான் போய் அவகிட்ட சொல்லிடறேன். பேரை மாத்தவே வேணாம்."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லியிருக்கலாம். உன்னைத்தான் என்று சொல்வதற்கு என்ன செலவு? ஆனால் எதிரில் நின்றவள் மூத்தவளுக்கும் அம்மா. அவளிடம் அந்தப் பொய் எடுபடாது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கைப்பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

அதற்குப் பிறகும் நான் சம்மதித்துவிடவில்லை. அப்படி ஒன்றும் நல்லவனில்லை. அந்த வாரம் முழுக்க எனக்குள் ஓடியது ஒரே கணக்குதான். இந்த உலகத்தில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்கிற இடம் எது மிச்சம் இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கும்போது சொல்கிறார்கள். மச்சினன் வேனில் ஏற்றும்போது கத்துகிறான். நான் சொல்கிறேன். கையெழுத்துப் போட்டால் அதெல்லாம் நின்றுவிடும். நாலு வயதுப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது? வீடா, வேலையா, சிநேகிதர்களா? ஒரு பெயர்தான் இருந்தது. அதையும் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

சனிக்கிழமை மச்சினன் சின்னவளை இறக்கிவிட்டுப் போனான். அவள் எப்போதும்போல உள்ளே வந்து காலணியைக் கழற்றி, இரண்டையும் சுவரோரம் நேராக வைத்தாள். பிறகு திரும்பி, முகத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றாள்.

தாடையில் கோடு இருந்தது. பிரவுன் நிறம். குறுக்கே மூன்று சின்னக் கோடுகள். கண்ணாடியைப் பார்த்துப் போட்டதால் கொஞ்சம் கோணல்.

மூத்தவளுக்கு அது இடப்பக்கம் இருந்தது. இவள் வலப்பக்கம் போட்டிருந்தாள்.

"அம்மா எல்லாம் சொன்னாங்களே" என்றேன்.

"சொன்னாங்க."

"அப்புறம் ஏன் போட்டுக்கிட்ட?"

அவள் யோசிக்கவில்லை. "இன்னைக்கு உங்க வீட்டுக்கு வர்றேன்ல, அதான். உங்களுக்குப் பிடிக்குமேன்னு."

அவளைக் கழுவுதொட்டி அருகே கூட்டிப்போனேன். துவாலையின் நுனியை வெந்நீரில் நனைத்துச் சோப்பில் தேய்த்தேன். மை தோலில் ஊறியிருந்தால் அழுத்தித் தேய்க்கக் கூடாது, ஓரத்திலிருந்து உள்ளே வட்டமாகக் கொண்டுவர வேண்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டு தாடையை என் கையில் வைத்துக்கொண்டாள். அவ்வளவு பக்கத்தில் அந்த முகத்தை நான் எப்போது பார்த்தேன் என்று தெரியவில்லை. இடது புருவத்தில் ஒரு சின்னச் சுழி இருந்தது. மேல் உதட்டோரத்தில் கடுகளவு மச்சம். இரண்டும் மூத்தவளுக்குக் கிடையாது. காது என் மாமியாருடைய காது. மூத்தவளுக்கு என் காது. இது புது முகம். எட்டு வருடமாக என் கண்முன்னால் நடமாடியிருக்கிறது.

"வலிக்குதா?"

"கூசுது." பிறகு, கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "நான் நிஜமாவே படியில விழலையாப்பா?"

"நீ விழல."

"கொஞ்சம்கூட?"

"இல்ல. விழுந்தது அக்கா."

"பூனையும் அவளோடதா?"

"அவளோடதுதான்."

துவாலையில் பிரவுன் நிறம் இறங்கியது. "அப்ப நான் குட்டியா இருந்தப்ப என்ன செஞ்சேன்?" என்றாள்.

நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். மை எப்போதோ போயிருந்தது. வெறும் தாடையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் தவழ்ந்தது, முதல் பல், முதல் வார்த்தை, எதையாவது இழுத்துப் பார்த்தேன். எது கையில் வந்தாலும் அது மூத்தவளுடையதாக இருந்தது. திருப்பித் திருப்பித் துழாவினேன்.

"எனக்கு ஞாபகம் இல்ல" என்றேன். "அம்மாகிட்ட கேளு. அவங்களுக்குத் தெரியும்."

அவள் தலையை ஆட்டினாள். கோபமோ அழுகையோ இல்லை. இதைத்தான் எதிர்பார்த்தேன் என்பதுபோல இருந்தது. சாயங்காலம் மச்சினன் வந்தபோது, எந்தத் தேதிக்கு வர வேண்டும் என்று கேட்டேன். அவன் வாயில் ஏதோ கேலி வந்தது. என்னைப் பார்த்துவிட்டு அதை மென்று விழுங்கினான்.

அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. நீளமான நடைக்கூடம், சுவரோரமாகப் பெஞ்சுகள். கல்யாணம் பதிகிறவர்கள் ஒரு பக்கம், இறப்பு பதிகிறவர்கள் ஒரு பக்கம். எங்களைப் போன்றவர்களுக்குத் தனி இடம் இல்லை. மனைவி ஒரு ஓரத்தில், நான் ஒரு ஓரத்தில், நடுவில் சின்னவள். பள்ளிக் கம்பளிச்சட்டை போட்டிருந்தாள். கால் தரையில் எட்டாமல் ஆட்டிக்கொண்டிருந்தாள். இரவு வேலை முடித்து நேராக வந்திருந்ததால் எனக்குக் கண் எரிந்தது. மனைவி கைப்பையிலிருந்து தண்ணீர் எடுத்து நீட்டினாள். குடித்தேன்.

அதிகாரி ஒரு நடுவயதுப் பெண்மணி. மேஜையில் சாப்பாட்டு டப்பா, மூடி போட்ட பேனாக்கள், ஜலதோஷத்துக்கு ஒரு மருந்துப்புட்டி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே படித்தார். காரணம் என்ற இடத்தில் மனைவி குடும்பக் காரணம் என்று எழுதியிருந்தாள். அவர் அதன் மேல் பேனாவால் தட்டினார்.

இப்படி எழுதினால் மேலே அனுப்ப முடியாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார். பிள்ளையின் பெயரை மாற்றுவது விளையாட்டில்லை. பெற்றவர்களுக்குள் சண்டை வந்தால் முதலில் பிள்ளையின் பெயரில்தான் கை வைக்கிறார்கள், தினம் பார்க்கிறேன் என்றார். மனைவி ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்தாள். அவளால் முடியவில்லை. சலவைக்கூடத்து வாசலில் என்னிடம் அவ்வளவு பேசியவள்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "நீங்கதானே தகப்பன்? உங்களுக்கு இதுல முழுச் சம்மதமா? இந்தப் பேருக்கு என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்ல மேடம்" என்றேன். "நல்ல பேரு."

"அப்புறம்?"

சின்னவள் காலை ஆட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

"எங்களுக்கு மூத்த பொண்ணு ஒருத்தி இருந்தா. செத்துப்போயிட்டா. இது அவ பேரு. இவளோடது இல்ல."

செத்துப்போயிட்டா என்று நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சின்னவள் பிறப்பதற்கு முன்னால்கூட, போயிட்டா, இல்ல, அப்படியாகிப்போச்சு என்று ஏதாவது பூசி மெழுகித்தான் சொல்வேன். சொல்லி முடித்ததும் அறையில் வேறொன்றும் நடக்கவில்லை. மின்விசிறி ஓடியது. அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு, காரணம் என்ற இடத்தில் தன் கையாலேயே அதை எழுதிக்கொண்டார். பிறகு சின்னவளிடம், உனக்கு என்ன பெயர் வேண்டும், நீயே சொல்லம்மா என்றார்.

சின்னவள் சொன்னாள். எங்கள் இரண்டு பேர் குடும்பத்திலும் இல்லாத பெயர். எங்கிருந்து பிடித்தாள் என்று தெரியவில்லை. உயிரோடோ செத்தோ யாரையும் அது நினைவுபடுத்தவில்லை. அதிகாரி திரும்பச் சொல்லிப் பார்த்து, நல்லாருக்கே என்றார்.

காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். மனைவியும் போட்டாள். அவள் பேனாவை வைத்துவிட்டுத் திரும்பியபோது என் தலையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துவிட்டாள். தெரிந்து செய்தாளா, கை தானாகப் போனதா என்று கேட்கவில்லை.

கீழே தெருவில் மச்சினன் வேனோடு காத்திருந்தான். இந்த முறையும் பாதித் தெருவை அடைத்துத்தான். அவர்கள் இறங்கிப் போனபின் பெஞ்சைப் பார்த்தேன். சின்னவள் கம்பளிச்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருந்தாள். எடுத்துக்கொண்டு ஓடினேன். நான் வாசலுக்கு வருவதற்குள் அவர்கள் தெருவைக் கடந்துவிட்டார்கள்.

கூப்பிட வேண்டும். வாய்க்குப் பழைய பெயர்தான் வந்தது. பல்லுக்குப் பின்னால் நிறுத்தினேன். புதுப் பெயரை நினைவில் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. அவளுக்கும் அது இன்னும் பழகவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது தடவைதான் அவளுக்கு உறைத்தது. நின்று, திரும்பி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, என்னையா என்று சைகையால் கேட்டாள்.

"உன்னைத்தான்" என்றேன்.

தெருவைக் கடந்து போய்ச் சட்டையை நீட்டினேன், வாங்கவில்லை. கழுத்துப்பட்டையை விரித்து நீல எழுத்தைக் காட்டினாள். "இதைப் பிரிச்சுட்டுக் குடுங்கப்பா. சனிக்கிழமை வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிக்கொண்டாள். கதவு மூடும்போது கையை ஆட்டினாள். மனைவி முன்சீட்டில் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டியைப் பிரித்தேன். அதற்கு நேரம் ஆகாது, ஒரு மூலையில் கொக்கியைக் கொடுத்தால் வரிசையாகத் தெறித்து வந்துவிடும். பட்டி இருந்த இடத்தில் மட்டும் கம்பளியின் நிறம் வெளுக்காமல், வாங்கிய அன்று இருந்தது போல இருந்தது. அது அப்படியேதான் இருக்கும். அந்த இடத்தில் புதுப் பெயரைத் தைத்துவிட்டால் தெரியாது. இரவு வேலைக்குப் போய் அச்சடிக்க வேண்டும்.

பிரித்த பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, வாசல் பக்கமாகத் திரும்பி, மூத்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். சத்தமாகவேதான். வேலைவிட்டு வந்ததும் கூப்பிடுவேனே, அதே குரலில்.

யாரும் என்னப்பா என்று கேட்கவில்லை.

பிறகு ஜன்னல் துணியை இழுத்துவிட்டுப் படுத்தேன்.